யோசேப்பின் அண்ணன்மார்

மன்னிப்பைப் பற்றி வட்டுக்கோட்டைக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் நிறையவே பேசியிருக்கிறோம். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்த காலந்தொட்டு இந்தப் பகுதியில் பிரசங்கம் ஓய்ந்ததில்லை. ஞாயிறுதோறும் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுகிறோம். எங்களுக்குப் பிழை செய்தவர்களை மன்னிப்பதாக அதிலே தேவனுக்கு முன்பாக ஒப்புக்கொள்ளுகிறோம். எங்கள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுமுன்பே அந்த ஜெபத்தை மனனம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் என்ன பிழை செய்தார் என்று நாங்கள் விசாரித்ததில்லை. காயம் எங்கே என்று பாராமலே மன்னிக்கச் சொன்னோம். இந்தக் கட்டுரை அந்தப் பாவத்தின் அறிக்கை.

ஆதியாகமத்து யோசேப்பின் வரலாற்றை நாங்கள் ஞாயிறு பாடசாலையில் மன்னிப்பின் கதையாகவே படிப்பித்து வந்தோம். பதினேழு வயதுத் தம்பியை அண்ணன்மார் குழியில் போட்டார்கள்; இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள்; அவன் எகிப்தில் அதிபதியானான்; அவர்களை மன்னித்தான். இவ்வளவுடன் பாடம் முடிந்துவிடும். விற்கப்பட்ட அன்று யோசேப்பு அழுதானா, என்ன சொன்னான் என்று 37ஆம் அதிகாரம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அது 42ஆம் அதிகாரத்தில்தான் வெளிவருகிறது, அதுவும் அண்ணன்மாரின் வாயாலே. பஞ்சம் பிழைக்க எகிப்துக்கு வந்து ஆபத்தில் அகப்பட்ட வேளையில், தம்பி மன்றாடியதையும் அவனுடைய மனத்தவிப்பைத் தாங்கள் கண்டதையும், கண்டும் செவிகொடாமல் இருந்ததையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுகிறார்கள். விற்றதைக்கூட அவர்கள் அங்கே சொல்லவில்லை. செவிகொடாததைத்தான் குற்றமாகச் சொல்லுகிறார்கள்.

துன்பப்பட்ட இனம், துன்பப்பட்ட சபை என்று இவ்வளவு காலமும் யோசேப்பின் இடத்தில் எங்களையே வைத்துப் பார்த்தோம். அந்தத் துன்பம் உண்மை. ஆனாலும் எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் நாங்கள் அண்ணன்மாராகவே நின்றிருக்கிறோம்.

1980களில் இங்கே பிறந்த ஒரு பிள்ளை எவற்றைக் கண்டு வளர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். 1987 ஒக்டோபரில் இந்தியப் படையின் ஷெல். 1990 யூனுக்குப் பிறகு பொம்மர், மின்சாரமில்லாத இரவுகள், வீட்டு வளவுக்குள்ளும் பாடசாலை வளவுக்குள்ளும் பங்கர். 1995 யூலை 9ஆம் திகதி, ‘முன்னேறிப் பாய்தல்’ என்ற பெயரோடு இலங்கைப் படை வலிகாமத்துக்குள் நகர்ந்தபோது சனம் கையில் அகப்பட்டதோடு நவாலிப் பக்கம் ஓடியது. களைத்துப்போய் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அருகிலிருந்த சின்னக்கதிர்காமம் முருகன் கோயிலிலும் ஒதுங்கியவர்கள்மேல் விமானப்படை குண்டு போட்டது. 120க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுள் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி, நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்த அந்த வீதியில் பெற்றோரின் கையைத் தவறவிட்ட பிள்ளைகள் இன்று நாற்பது வயதை எட்டுகிறார்கள். 1996இல் திரும்பி வந்தபோது சென்றிகள், சுற்றிவளைப்புகள், முகம் மூடிய தலையாட்டிகள். அந்த ஆண்டு செப்ரெம்பர் 7ஆம் திகதி பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணிச் சென்றியில் மறிக்கப்பட்டாள். அவளும், தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொன்று புதைக்கப்பட்டார்கள்.

அந்த நாட்களில் சபை சும்மா இருக்கவில்லை. ஆலயங்களைத் திறந்துவிட்டோம், கஞ்சி காய்ச்சினோம், நிவாரணம் பகிர்ந்தோம். வடக்கின் போதகர்களும் குருக்களும் உயிரையே கொடுத்தார்கள். 1984இல் முருங்கனில் கொல்லப்பட்ட மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம், 2006இல் அல்லைப்பிட்டியில் காணாமற்போன அருட்தந்தை ஜிம் பிறவுன், 2009 மே மாதம் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போய்த் திரும்பி வராத அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் ஆகியோரை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அவர்களுடைய தியாகத்தைக் காட்டி எங்களுடைய அசட்டையை மறைக்க எங்களுக்கு உரிமையில்லை.

நாங்கள் கொடுத்தவை வயிற்றுக்கும் உடம்புக்கும் போய்ச் சேர்ந்தன. பிள்ளையின் மனத்துக்குள் என்ன நடந்தது என்று பார்க்க நாங்கள் இருந்து பேசவில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் மனவடுக்களைப் பற்றி ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ என்ற ஆங்கில நூலை 1998இல் வெளியிட்டார். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆசிரியர்களுக்கும் கிராம மட்டத்துத் தொண்டர்களுக்கும் உளவளத்துணைப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளையின் பயம் அழுகையாக மட்டும் வருவதில்லை. படுக்கையை நனைப்பதாகவும், வாய் திறவாமையாகவும், படிப்பில் பின்தங்குவதாகவும், சின்னச் சத்தத்துக்கும் துள்ளி எழும்புவதாகவும், காரணமில்லாத கோபமாகவும் வரும் என்று சொல்லித் தந்தார்கள். அந்த அறிவு எங்கள் காலடிக்கு வந்திருந்தும் நாங்கள் அந்தப் பிள்ளையைக் கீழ்ப்படியாத பிள்ளை என்றோம். விசுவாசம் குறைந்த வீடு என்றோம். பிசாசின் பிடி என்று சொன்னவர்களும் எங்களுள் உண்டு.

ஆராதனையில் சாட்சி சொல்ல எழும்பியவர்கள் ஷெல் தங்களுக்குப் பக்கத்தில் விழுந்தும் கர்த்தர் காத்ததைச் சொன்னார்கள். நாங்கள் அல்லேலூயா என்றோம். அதே வாங்கில், அதே ஷெல்லுக்குத் தகப்பனைக் கொடுத்த பிள்ளை உட்கார்ந்திருந்தது. அதற்குச் சொல்ல ஒரு சாட்சி இருந்தது. எங்கள் ஆராதனை முறைமையில் அதற்கு இடமிருக்கவில்லை. சங்கீதப் புத்தகத்தில் முறைப்பாட்டுச் சங்கீதங்கள் ஏராளமாக இருந்தும், தேவனை நோக்கி ஏன் என்று கேட்கும் உரிமையைப் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

எங்கள் மன்னிப்புப் போதனையைத் திரும்பிப் பார்க்கும்போது வேதனையான ஓர் ஒழுங்கு தெரிகிறது. பிழை செய்தவன் தூரத்தில் இருந்தால் நீதி கேட்டோம். அவன் கிட்ட வரவர நீதியைப் பற்றிய பேச்சுக் குறைந்தது. அவன் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தபோது, பிள்ளையை உடனே மன்னிக்கச் சொன்னோம்.

படையின் குற்றங்களுக்கு நீதி கேட்டோம். அது சரியே, இன்றைக்கும் கேட்கவேண்டும். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், சிறுபிள்ளைகளுடையவையும் சேர்ந்து, மண்ணிலிருந்து எடுக்கப்பட்டபோது, மன்னித்துவிடுங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் கொதித்திருப்போம். அந்தக் கொதிப்பு நியாயமானது. அந்த நியாயம் எங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏன் கிடைக்கவில்லை?

1976 மே 14ஆம் திகதி எங்கள் பகுதியிலுள்ள பண்ணாகத்தில், தமிழர் தலைவரும் கிறிஸ்தவருமான செல்வநாயகத்தின் தலைமையில், தனித் தமிழ்நாட்டரசு கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. இளைஞர்கள் முழுமூச்சாய்ப் போராட முன்வரவேண்டும் என்று அது அழைத்தது. அந்த அழைப்பின் நியாயத்தையும் பிழையையும் வரலாறு பேசிக்கொள்ளட்டும். அழைத்த பெரியவர்களின் ஊரில் இருந்த நாங்கள், போன பிள்ளைகளுக்கு என்ன செய்தோம் என்பதே இங்கே கேள்வி. விடுதலைப் புலிகள் இயக்கம் பதினெட்டு வயதாகாதவர்களையும் சேர்த்தது. போர் முடிந்தபோது அரசின் புனர்வாழ்வுக்குப் போன சிறுவர் போராளிகள் மட்டும் 594 பேர். உயிரோடு திரும்பியவர்களைக் கண்டு சபை ஒதுங்கியது. பொலிஸும் புலனாய்வும் எங்கள் வாசலுக்கு வந்துவிடுமோ என்று பயந்தோம். பயப்பட்டது மனித இயல்பு. அந்தப் பயத்துக்கு ஞானம் என்று பெயர் வைத்ததுதான் பாவம்.

1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி, கிறிஸ்தவ வீட்டில் பிறந்த மருத்துவர் ராஜினி திராணகம யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் சிறுமிகள். எல்லாத் துப்பாக்கிகளின் குற்றத்தையும் எழுதிவைத்த அந்தத் தாயின் பெயரை எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லக்கூட எங்களில் பலர் அஞ்சினோம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் பெயர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் புத்தளத்து அகதி முகாம்களில் வளர்ந்தார்கள். சரியாக ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அதே ஒக்டோபர் 30இல், நாங்கள் நடந்தோம். எங்கள் நடையை ஆண்டுதோறும் நினைக்கிறோம். அவர்களுடைய நடைக்கு எங்கள் ஜெபங்களில் இடம் கொடுக்கவில்லை.

இன்னும் கிட்ட வருவோம். மிஷன் விடுதிப் பாடசாலைகள் எங்கள் பெருமை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி தமிழுக்கும் அறிவியலுக்கும் செய்த தொண்டை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் அந்த விடுதிகளில் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. சிறுப்பிட்டி வைரவநாதரின் மகன் தாமோதரம்பிள்ளை ஒரு கிறிஸ்தவப் பெயரோடு படித்தார். பின்னர் சைவத்துக்குத் திரும்பிப் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அவரைப் போன்றவர்கள் ஏன் விலகிப்போனார்கள் என்று கேட்கும்போதெல்லாம் அவர்களுடைய விசுவாசத்தைக் குறை சொன்னோம். பெற்றோர் இட்ட பெயரும் வீட்டு வழிபாடும் இழிவென்று கற்ற ஒரு சிறுவனுக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. எங்களை உருவாக்கிய அதே அமெரிக்க மிஷன் சங்கம் 1817இல் செரோக்கி மக்களிடையே பிரெய்னர்ட் என்ற இடத்தில் பாடசாலை தொடங்கியது. அங்கும் பிள்ளைகளுக்குக் கொடையாளரின் பெயர்களே வந்தன. ஒரே கை இரண்டு கண்டங்களில் நன்மையையும் செய்தது, காயத்தையும் செய்தது. நாங்கள் நன்மைக்கு மட்டும் நூற்றாண்டு விழா எடுத்தோம்.

சாதியைப் பற்றி எங்கள் அறிக்கை இன்னும் தாழ்மையாய் இருக்கவேண்டும். 1924இல் யாழ்ப்பாணக் கல்லூரியில் உருவான மாணவர் காங்கிரஸ் தீண்டாமையை எதிர்த்தது. அங்கே படித்த ஹன்டி பேரின்பநாயகம் அதற்கு முன்னின்றார். அது எங்கள் மண்ணின் வெளிச்சம். 1929இல் சம ஆசனம், சம போசனம் என்ற விதி வந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்த பாடசாலைகள் குடாநாட்டில் கொளுத்தப்பட்டன. கொளுத்தியவர்கள் வேறு ஆட்கள் என்று நாங்கள் தப்பிக்கமுடியாது. வாங்கில் சரிசமமாய் உட்காரவந்த பிள்ளை எரிகிற பாடசாலையைக் கண்டு வீட்டுக்கு ஓடியபோது, அதைத் தேடிப்போனவர்கள் எங்களில் எத்தனை பேர்? திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டுவிட்டுக் கலியாணப் பேச்சில் சாதி கேட்கும் வீடுகள் எங்கள் சபைகளில் இன்றும் இருக்கின்றன. அவமானப்பட்ட குடும்பம் வாய் திறந்தால், பழசைக் கிளறாதேயுங்கோ, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றுதானே என்கிறோம். கிறிஸ்துவின் பெயரையே அவர்களுடைய வாயைப் பொத்தப் பாவிக்கிறோம்.

மிகக் கிட்டத்தில் இருப்பது வீடு, விடுதி, வகுப்பறை, ஞாயிறு பாடசாலை. அங்கே அடியுண்ட பிள்ளைகள் உண்டு. அதைவிடக் கொடுமையானதை அனுபவித்த பிள்ளைகளும் உண்டு. பாடசாலையில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விட்டபிறகும், பிரம்பை விலக்காதே என்ற நீதிமொழியைக் காட்டி நியாயம் பேசினோம். பிள்ளை ஒன்று தனக்கு நேர்ந்த அசிங்கத்தைத் தட்டுத்தடுமாறிச் சொல்ல வந்தபோது, அவர் நல்ல மனிசன், நீ பிழையாய் விளங்கிக்கொண்டாய் என்றோம். அல்லது எல்லாரையும் ஓர் அறைக்குள் கூட்டி, பெரியவரைக் கொண்டு ஒரு சொல் வருத்தம் சொல்லுவித்து, பிள்ளையைக் கொண்டு மன்னிக்கிறேன் என்று சொல்லுவித்து, ஜெபம் செய்து முடித்தோம். சபையின் பெயர் காப்பாற்றப்பட்டது. பிள்ளைக்குத் தேவன்மேலிருந்த நம்பிக்கை அந்த அறையிலேயே முறிந்துபோனது. அடித்த கையும் ஜெபத்தில் குவிந்த கையும் ஒன்றாயிருக்கக் கண்ட பிள்ளை எந்தப் பிதாவை நோக்கி ஜெபிக்கும்?

இவ்வளவுக்கும் வேதத்தை ஆதாரம் காட்டினோம். மத்தேயு 18ஆம் அதிகாரத்திலே, எத்தனை தரம் மன்னிக்கவேண்டும் என்று பேதுரு கேட்பதையும், ஏழெழுபது தரம் என்று ஆண்டவர் பதில் சொல்லுவதையும் பிரசங்கித்தோம். அந்த அதிகாரத்தின் தொடக்கத்தை வாசித்துப் பாருங்கள். இயேசு ஒரு பிள்ளையை அழைத்து நடுவிலே நிறுத்துகிறார். சிறியவருக்கு இடறல் செய்கிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்கிறார். சிறியவரில் ஒருவரையும் அற்பமாய் எண்ணவேண்டாம் என்று எச்சரிக்கிறார். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப்போகும் மேய்ப்பனைக் காட்டுகிறார். குற்றம் செய்தவனிடம் போய்க் குற்றத்தை எடுத்துச் சொல்லவேண்டும், செவிகொடாவிட்டால் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அதற்கும் இணங்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்தவேண்டும் என்று ஒழுங்கு சொல்லுகிறார். இவ்வளவுக்கும் பிறகுதான் பேதுருவின் கேள்வி வருகிறது. பிள்ளையின் பாதுகாப்பு, தேடிப்போதல், உண்மையை வெளியே சொல்லுதல், சபையின் விசாரணை, இவையெல்லாம் முன்னே; மன்னிப்பு பின்னே. நாங்கள் அதிகாரத்தைத் தலைகீழாக வாசித்தோம்.

சிலுவையையும் தவறாகவே காட்டினோம். தம்மை அறைந்தவர்களுக்காக இயேசு பிதாவிடம் மன்னிப்பு வேண்டினார். வேண்டியவர் காயப்பட்டவரே, வேறு எவரும் அவரை வற்புறுத்தவில்லை. கீழே நின்ற தாயைப் பார்த்து, நீயும் இவர்களை இப்போதே மன்னித்துவிடு என்று அவர் சொல்லவில்லை. அவளைக் கவனிக்க ஓர் ஆளை ஏற்படுத்தினார். உயிர்த்தெழுந்த பிறகும் கையிலும் விலாவிலும் இருந்த காயங்களை அவர் மறைக்கவில்லை; தொட்டுப் பார்க்கத் தோமாவுக்கு இடம் கொடுத்தார். காயத்தைக் காட்டுவது அவிசுவாசம் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் எந்தச் சுவிசேஷத்திலிருந்து படிப்பித்தோம்?

யோசேப்பும் அண்ணன்மாரைக் கண்டவுடனே கட்டிப்பிடிக்கவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்தான். தனியறைக்குள் போய் அழுதான். பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக்கும்படி யூதா முன்வந்த பிறகே தன்னை வெளிப்படுத்தினான். அப்போது அவன் அழுத சத்தம் அரண்மனை வரை கேட்டது. அதற்கிடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றிருந்தன. அந்தக் காலத்தை அவனுக்குத் தேவன் கொடுத்தார். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு பின்னேரத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

எங்களைப் போலவே பல சபைகள் சேர்ந்து உருவான கனடா ஐக்கிய திருச்சபை, 1986இல் அந்நாட்டு முதற்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அவர்கள் அதைப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் மன்னித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. சொல் செயலாகிறதா என்று பார்ப்போம் என்றார்கள். அந்தச் சபை முகம் சுளிக்கவில்லை. 1998இல், தான் நடத்திய விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகள் பட்ட கொடுமைக்காக மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. மன்னிக்கப்படாமல் நிற்பதற்கும் ஒரு சபைக்குப் பெலன் வேண்டும். அந்தப் பெலனுக்காக நாங்கள் ஜெபிக்கவேண்டும்.

ஜெபத்தோடு செய்யவேண்டியவையும் உண்டு. பிள்ளைக்கு எதிரான குற்றத்தைச் சபையின் மேசையில் தீர்த்துவைக்கும் வழக்கத்தை இன்றோடு விடவேண்டும். அது பொலிஸுக்கும், நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்கும் போகவேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு ஞாயிறு பாடசாலைச் சுவரிலும் பிள்ளையின் கண்ணுக்கெட்டும் உயரத்தில் எழுதப்படவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பெரியவராயினும், காணிக்கை கொடுப்பவராயினும், விசாரணை முடியும்வரை பிள்ளைகளோடு பழக விடக்கூடாது. ஒவ்வொரு சபையிலும் இரண்டு மூன்று பேராவது முறையாக உளவளத்துணை படிக்கவேண்டும். சாட்சி நேரத்தில் விடுதலை கிடைக்காதவர்களும் எழும்பிப் பேச இடம் வேண்டும். அவர்களுடைய பேச்சுக்கு நாங்கள் வசனத்தால் மறுமொழி சொல்லக்கூடாது. யூலை 9ஐ நினைக்கும் பலிபீடத்தில் 1990இன் ஒக்டோபர் 30ஐயும் நினைக்கவேண்டும். சாதியின் பேரால் தடுக்கப்படும் கலியாணத்துக்குப் போதகரும் மூப்பர்களும் முன்வந்து துணைநிற்கவேண்டும். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைதுசெய்த ஓர் இளைஞர், தனக்கு நேர்ந்த சித்திரவதையைச் சொல்லிவிட்டு இறந்தார். அவருடைய வாக்குமூலம் காணொளியாக நாடெங்கும் பரவியது. இப்படியான வீடுகளுக்கு நாங்கள் செத்தவீட்டு அன்று மட்டும் போகாமல், வழக்கு முடியும்வரை போகவேண்டும்.

எங்களிடம் படித்து, எங்களோடு ஜெபித்து, எங்களால் கேட்கப்படாமல் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இப்போது எங்கள் சபைகளில் இருக்கலாம், ரொறொன்ரோவில் இருக்கலாம், லண்டனில் இருக்கலாம், கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களாகவும் இருக்கலாம். உங்கள் தவிப்பைக் கண்டோம். கண்டும் செவிகொடாமல் இருந்தோம். உங்கள் விசுவாசம் தளர்ந்திருந்தால் அதன் கணக்கு எங்களிடமே கேட்கப்படும். எங்களை மன்னிக்கும்படி உங்களை வற்புறுத்தமாட்டோம். அந்த வற்புறுத்தலையும் சேர்த்துத்தான் இங்கே அறிக்கையிடுகிறோம். மன்னிக்கவும் மன்னியாதிருக்கவும், அதற்கு எவ்வளவு காலம் என்று தீர்மானிக்கவும் உங்களுக்கே உரிமை. நீங்கள் எதைத் தீர்மானித்தாலும், இப்போது எங்கள் கையில் வளரும் பிள்ளைகளுக்குச் செய்யவேண்டிய கடமை எங்கள்மேல் இருக்கிறது. அதை இந்த ஞாயிறே தொடங்குவோம்.